தொண்ணூறு கிராம்

மண்டபத்தில் வடகடல் வாயை மூடினால்
தென்கடல் பேசும்.
எங்கள் கம்பெனியில் நண்டு வந்த நாளெல்லாம்
கிழவிகள் பேசுவார்கள்.

அவித்த நண்டின் ஆவிக்குள்
நீலத் தொப்பியும் ரப்பர் உறையுமாக
இருபத்தாறு பேர்.
ஓட்டைப் பிளந்து சவ்வை நீக்கி
சதை உதிராமல் எடுக்க வேண்டும்.
கிலோவுக்குத்தான் கூலி, மணிக்கு இல்லை.
வாய்க்கும் உறை உண்டு.
அதற்குள்ளிருந்தும் பேச்சு வரும்.

"பொறுத்தவளுக்குத்தான் பெருமீன்னு
எங்க உம்மம்மா சொல்லும்" என்பாள் ஜெய்னம்பு.
"பொறுத்து வச்ச மீன் நாறும்னு
எங்க ஐயாம்மா சொல்லும்" என்பாள் எதிரே நம்புத்தாய்.
செத்து முப்பது வருஷமான இரண்டு பேர்
மேசைக்குக் குறுக்கே சண்டை போட,
ரெஜினாள் தன் ஆளை இறக்குவாள்:
"மூடின வாயில ஈயும் போகாது, சோறும் போகாது."
அது யார் பக்கம் என்று
இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

என்னிடம் கேட்க மாட்டார்கள்.
எங்கள் அப்பத்தா வாயிலிருந்து நான் கேட்டதெல்லாம்
"தள்ளி நில்லு."
குழம்பு கொதித்தாலும் தள்ளி நில்லு.
கடன்காரன் வாசலுக்கு வந்தாலும் தள்ளி நில்லு.
தாத்தாவின் தோணி திரும்பாத கச்சான் மாசத்தில்
கரையில் அவள் நின்ற இடத்துக்கு ஓடினேன்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
தள்ளி நில்லு.
இதைக் கொண்டுபோய் எந்தச் சபையில் வைக்க?

சகாயமேரி சேர்ந்தது பங்குனியில்.
ராமநாதபுரத்தில் விடுதியில் வளர்ந்தவள்.
பேரும் பிறந்த தேதியும் சிஸ்டர்மார் வைத்தது.
ஒரு வாரம் எல்லாக் கிழவிகளையும் கேட்டாள்.
எட்டாம் நாள், கொடுக்கை உடைத்தபடியே,
"எனக்கும் ஒண்ணு இரவல் தாங்கக்கா,
நாளைக்கே திருப்பித் தந்துர்றேன்" என்றாள்.

சிரித்தோம்.
கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் உறுமும்வரை சிரித்தோம்.
பிறகு யாரும் வாய் திறக்கவில்லை,
நல்லதெல்லாம் அவரவருக்கு வேண்டியிருந்தது போல.
என்னிடம் இருந்ததை நான் கொடுத்தேன்,
தேய்ந்த செருப்பைக் கொடுப்பது மாதிரி.

எடைத்தட்டின் அருகே
சூப்பர்வைசர் காசிலிங்கம் நிற்பார்.
நின்றால் அவர் முழங்கால்
தட்டின் விளிம்புக்கு முட்டுக் கொடுக்கும்.
எல்லாருக்கும் தெரியும்.
ஜெய்னம்பு பொறுத்தாள்.
ரெஜினாள் வாயை மூடினாள்.
நம்புத்தாய் சம்பள நாளில் மட்டும் காறித் துப்புவாள்.
நான் பையன் பரீட்சைக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்.

சகாயம் தட்டில் வைத்தாள்.
எண்ணைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள்.
"எங்க அப்பத்தா சொல்லும் சார்,
தராசுகிட்ட நிக்கிறவுக தள்ளி நிக்கணும்னு."
கத்தவில்லை.
சாரைக்கூட விட்டுவிடவில்லை.
ஐஸ் பெட்டியின் மூடி எங்கோ விழுந்தது.
அவர் அரை அடி நகர்ந்தார்.
சிவப்பு எண் தொண்ணூறு கிராம் ஏறியது.

அடுத்து நின்ற நம்புத்தாய்
"எங்க ஐயாம்மாளும் அதையேதான் சொல்லும்" என்றாள்.
பச்சைப் பொய்.
ஜெய்னம்புவின் உம்மம்மாவும் சொல்லியிருந்ததாம்.
அன்று சாயங்காலம்
இருபத்தாறு கிழவிகளுக்கும் ஒரே வாய்.

சகாயத்தை ஒரு மாசம்
கழிவுத் தொட்டி கழுவப் போட்டார்கள்.
முழங்கால் அவ்வப்போது எட்டிப் பார்க்கும்.
யாராவது ஒருத்தி இருமுவாள். போய்விடும்.

பாம்பன் பஸ்ஸில், கை முழுக்க நண்டு வாசம்,
"தள்ளி உக்காருங்கக்கா" என்று
பக்கத்தில் இடம் பிடித்தாள்.
"அவுக பேரென்ன?
யாராச்சும் கேட்டா சொல்லணும்ல?"

நான் யோசிக்க வேண்டியிருந்தது.
அப்பத்தா என்றால் அப்பத்தா.
பழைய ரேஷன் கார்டில் ஒருமுறை பார்த்தது.
"முத்திருளாயி."

இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.
பாலத்தில் வாடைக்காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளியது.
திருப்பித் தருவதாகச் சொன்னதை
அவளும் நினைவுபடுத்தவில்லை,
நானும்.